கால்பங்குக் கல்வி: பெருந்தொற்றுக்கால ஆசிரியர் பயிற்சியும் திருபுவனைக் கல்வெட்டும்

ஆய்வுச் சுருக்கம்

கொரோனா பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்டதும் கல்வி தொலைக்காட்சிக்கும் திறன்பேசிக்கும் இடம்பெயர்ந்தது. ஆசிரியர்களுக்கான பயிற்சியும் இணையவழிக்கு மாறியது. அப்பயிற்சி பாடப்பொருளையும் கருவியையும் மையமாகக் கொண்டதேயன்றி, மாணவர் எவ்வாறு கற்கிறார் என்பதை அறியும் திறனை மையமாகக் கொள்ளவில்லை என்பது இக்கட்டுரையின் கருத்து. நன்னூலின் பொதுப்பாயிரம் வகுக்கும் ஐந்து கூறுகள் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. திருவாண்டார்கோயிலை அடுத்த திருபுவனையில் உள்ள 1048ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டை முன்வைத்து, ஆசிரியரின் நேரத்தைக் காப்பதே பயிற்சியின் முதல் நிபந்தனை என்றும், தமிழ் கற்பித்தலுக்கான தொழில்நுட்பப் பயிற்சியை வடிவமைப்பது தமிழ்த்துறைகளின் ஆய்வுப் பொறுப்பு என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

குறிச்சொற்கள்: ஆசிரியர் பயிற்சி, பெருந்தொற்று, இணையவழிக் கல்வி, நன்னூல், திருபுவனைக் கல்வெட்டு, திருவாண்டார்கோயில்

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் திருவாண்டார்கோயில், திருபுவனை என்னும் இரண்டு ஊர்கள் அருகருகே அமைந்துள்ளன. இரண்டும் மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்தவை. திருவாண்டார்கோயில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருவடுகூர் என்னும் நடுநாட்டுத் தலம். திருபுவனை, சோழர் காலத்தில் திரிபுவனமகாதேவிச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்த ஊர். இன்று வயல்களும் தொழிற்சாலைகளும் கலந்து கிடக்கும் இப்பகுதி, தமிழகக் கல்வி வரலாற்றில் தவிர்க்கவியலாத சான்று ஒன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டில், அதாவது பொ.ஆ. 1048இல், பொறிக்கப்பட்ட திருபுவனைக் கல்வெட்டு அங்கு இயங்கிய கல்லூரி ஒன்றைப் பற்றிக் கூறுகிறது. அதில் 260 மாணாக்கர் பயின்றனர். 12 ஆசிரியர்கள் கற்பித்தனர். அவர்களுக்கான நெல் அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. அங்குக் கற்பித்தவர்களும் கற்றவர்களும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். இதே புதுச்சேரிப் பகுதியின் மற்றொரு கொம்யூனாகிய பாகூரில், 9ஆம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று ஊர்கள் அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்குக் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கிறது. கல்வி நடைபெற வேண்டுமாயின் கற்பிப்பவருக்கு உணவும் இடமும் மட்டும் போதா, இடையூறற்ற நேரமும் வேண்டும் என்பதை அக்காலச் சமூகம் உணர்ந்திருந்தது என்பதற்கு இவ்வாவணங்கள் சான்றாகும்.

இந்நிறுவனங்கள் வேதமும் சாத்திரமும் பயிற்றியவை என்பதும், அவற்றின் வாயில் சமூகத்தின் ஒரு பிரிவினருக்கே திறந்திருந்தது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. அவற்றைப் பொற்காலக் கல்விக்கூடங்களாகப் போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. இன்று அதே மண்ணில் உள்ள அரசுப் பள்ளிகள் அனைவருக்கும் உரியவை. அவ்வகையில் அவை உயர்ந்தவை. ஆயினும் ஆசிரியரின் நேரத்தைப் பேணுவதில் 1048ஆம் ஆண்டின் ஊர்ச்சபை காட்டிய தெளிவு, 2020ஆம் ஆண்டின் நிருவாகத்திடம் இருந்ததா என்னும் வினா எழுப்பத்தக்கதே.

பெருந்தொற்றும் பள்ளியும்

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்றாக அறிவித்தது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. உலகெங்கும் 160 கோடி மாணவர்களின் கல்வி தடைப்பட்டது என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அவ்வாண்டின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டு அனைவரும் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்கப்பட்டனர்.

தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, 2020 ஜூலை முதல் வகுப்புவாரிப் பாடங்களை ஒளிபரப்பியது. கேரளத்தில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்னும் பெயரில் விக்டர்ஸ் அலைவரிசை வழியாகப் பாடங்கள் 2020 ஜூன் 1 அன்றே, வழக்கமான கல்வியாண்டின் முதல் நாளில், தொடங்கிவிட்டன. நடுவண் அரசு 'பி.எம். இ-வித்யா' திட்டத்தின்கீழ் ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என 12 அலைவரிசைகளை அறிவித்தது. பள்ளிகளில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களை அமைத்து வினாத்தாள்களையும் ஒளிப்படங்களையும் குரல்பதிவுகளையும் அனுப்பினர்.

இவற்றின் அடைவை மதிப்பிட ஏசர் எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கைகள் உதவுகின்றன. ஊரகப் பகுதிகளில் பள்ளியில் பயிலும் குழந்தைகளின் வீடுகளுள் திறன்பேசி இருந்தவை 2018இல் 36.5 விழுக்காடு; 2020இல் 61.8 விழுக்காடு, 2021இல் 67.6 விழுக்காடு. எனினும் 2021இல் திறன்பேசி இருந்த வீடுகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு அது படிப்பதற்குக் கிடைக்கவே இல்லை. தந்தை வேலைக்குச் செல்லும்போது திறன்பேசியும் அவருடன் சென்றது. இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த வகுப்புப் பிள்ளைக்கே முதலிடம் கிடைத்தது. நாள்தோறும் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் பெற்றோர் செல்லும் திருவாண்டார்கோயில் போன்ற ஊர்களில் இதன் பொருள் வெளிப்படை. பள்ளி நேரமும் திறன்பேசி வீட்டில் இருக்கும் நேரமும் ஒன்றாக அமைவதில்லை.

கருவி கிடைக்காமை குறித்து ஏராளமாகப் பேசப்பட்டுள்ளது. கருவி கிடைத்த இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆசிரியர் பயிற்சி பற்றிய வினா அங்கேதான் தொடங்குகிறது.

பயிற்சியாக வழங்கப்பட்டவை

பெருந்தொற்றுக்கு முன்பே 2017இல் 'தீக்ஷா' என்னும் இணையத் தளமும், 2019 ஆகஸ்டில் 'நிஷ்தா' என்னும் ஆசிரியர் பயிற்சித் திட்டமும் தொடங்கப்பட்டிருந்தன. நிஷ்தா முதலில் நேரடிப் பயிற்சியாக அமைந்தது. தேசிய அளவில் பயிற்சி பெற்றவர் மாநில அளவில் பயிற்றுவிப்பர். அவரிடம் பயின்றவர் அடுத்த நிலையில் உள்ளோருக்குப் பயிற்றுவிப்பர். 2020 அக்டோபரில் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கான நிஷ்தா, 18 பாட அலகுகளாகத் தீக்ஷா தளத்தில் இணையவழியில் வந்தது. ஆசிரியர் காணொலியைக் கண்டு, உரையைப் படித்து, வினாக்களுக்கு விடையளித்துச் சான்றிதழ் பெறுவார். 2020 ஜூலை 29 அன்று ஏற்கப்பட்ட தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில்சார் பயிற்சி பெற வேண்டும் என்றது. அம்மணிக்கணக்கை நிறைவு செய்ய இணையவழி அலகுகள் எளிய வழியாயின.

இம்முயற்சியின் பயன்களைக் குறைத்துரைக்க வேண்டியதில்லை. நேரடிப் பயிற்சியில் பல படிகளைக் கடக்கும்போது நீர்த்துப்போகும் செய்தி, இணையத்தில் எல்லா ஆசிரியருக்கும் ஒரே வடிவில் கிடைத்தது. பயணம் தேவைப்படவில்லை. எனினும் பல மாநிலங்களின் ஆசிரியருக்கு ஒரே அலகு என்னும்போது, அவர் தம் வகுப்பில் எதிர்கொள்ளும் குறிப்பிட்ட இடர்ப்பாடு அதில் இடம்பெறுவது அரிது. பயிற்சி முடிந்தது என்பதற்குச் சான்றிதழே அளவுகோலாயிற்று. வகுப்பில் மாற்றம் நிகழ்ந்ததா என்பது அளக்கப்படும் பொருளாக அமையவில்லை.

நன்னூல் தரும் அளவுகோல்

பவணந்தியார் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்வியை ஐந்து கூறுகளாகப் பகுக்கிறார்: நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணாக்கர், கற்கும் முறை. 13ஆம் நூற்றாண்டின் இப்பகுப்பை இன்றைய கல்வித் திட்டங்களை மதிப்பிடும் கருவியாகக் கொள்ளலாம். பெருந்தொற்றுக்கால முயற்சிகளை இவ்வைந்தன்மேல் வைத்துப் பார்த்தால், நூல் என்னும் முதற்கூறே பெருமளவு கவனம் பெற்றது விளங்கும். பாடப்பொருள் காணொலியாயிற்று; மின்னூலாயிற்று. ஆசிரியர் என்னும் கூறு, காணொலியில் தோன்றும் ஒருசிலருக்குரியதாகச் சுருங்கியது. மாணாக்கரும் அவர் கற்கும் முறையும் ஏறத்தாழ முற்றிலும் பார்வைக்கு அப்பால் போயின.

கற்பிக்கும் முறை பற்றிய நூற்பாவில் பவணந்தியார் காலமும் இடமும் அறிதல், விரைவும் வெகுளியும் இன்மை, முகமலர்ச்சி ஆகியவற்றோடு, கேட்பவரின் கொள்ளும் திறனை அறிந்து அதற்கேற்பச் சொல்லுதலையும் ஆசிரியரின் கடமையாக்குகிறார். கேட்பவரை அறிதல் கற்பித்தலுக்குப் பிந்திய மதிப்பீடு அன்று, கற்பித்தலின் உறுப்பு. அறுபது மாணவரின் ஒலிவாங்கியும் ஒளிப்படக் கருவியும் அணைந்திருக்கும் இணைய வகுப்பிலும், ஒருவழியாகப் பாயும் தொலைக்காட்சிப் பாடத்திலும் இவ்வுறுப்பு இல்லை. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட கள ஆய்வில், இணையவழியில் பொருளுடைய மதிப்பீடு இயலாது என்று 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கூறியது இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

பாடங்கேட்டல் பற்றி நன்னூல் கூறும் கணக்கு இன்னும் கூர்மையானது. ஆசிரியர் உரைப்பதை நன்கு உள்வாங்கினாலும் மாணாக்கருக்குப் புலமையில் கால்பங்கே கிடைக்கும். உடன் பயில்வோருடன் உரையாடுவதால் மேலும் கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிறைவுறும். இக்கணக்கின்படி, மிகச்சிறந்த காணொலிப் பாடமும் தடையின்றிச் சென்றடைந்தால்கூடக் கால்பங்குக் கல்வியே. பள்ளி மூடப்பட்டபோது இழந்தது உடன் பயில்வோரால் வரும் கால்பங்கும், எடுத்துரைப்பதால் வரும் அரைப்பங்கும் ஆகும்.

இதே கணக்கு ஆசிரியர் பயிற்சிக்கும் பொருந்தும். 18 அலகுகளைத் தனியே அமர்ந்து கண்டு சான்றிதழ் பெறும் ஆசிரியர், கேட்டலால் வரும் கால்பங்கைப் பெறுகிறார். சக ஆசிரியருடன் தம் வகுப்பு அனுபவத்தை ஒப்பிடும் வாய்ப்பும், கற்ற முறையை வகுப்பில் செய்துபார்த்து அதன் விளைவை மற்றவருக்கு எடுத்துரைக்கும் வாய்ப்பும் இல்லையெனில், முக்காற்பங்கு எஞ்சிநிற்கிறது. பெருந்தொற்றுக்காலத்தில் மாணவருக்கு நேர்ந்த குறையே ஆசிரியருக்கும் நேர்ந்தது. பயிற்சியின் வடிவமும் பாடத்தின் வடிவமும் ஒன்றாக இருந்ததே அதற்குக் காரணம்.

தமிழ் வகுப்பின் தனித் தேவைகள்

இப்பொதுக்குறை தமிழ்ப் பாடத்தில் சிறப்பான வடிவங்களைக் கொண்டது. முதலாவது ஒலிப்பு. வடதமிழகப் பேச்சு வழக்கில் ழகரம் யகரமாகவோ ளகரமாகவோ ஒலிப்பது இயல்பு. திருவாண்டார்கோயில் பகுதியின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் இதனை அறிவார். குழந்தையின் வாயசைவைக் கண்டு, தம் நாநுனியின் நிலையைக் காட்டித் திருத்துவார். ல, ள, ழ வேறுபாட்டையும் ந, ண, ன வேறுபாட்டையும் திறன்பேசியின் சிறிய ஒலிபெருக்கி தெளிவாகக் கொண்டுசேர்ப்பதில்லை. தமிழ்நாடு முழுமைக்கும் ஒளிபரப்பாகும் பாடம், வட்டார ஒலிப்பியல்பை அறிந்து திருத்தவும் இயலாது.

இரண்டாவது எழுத்து. குழந்தை எழுதிய பக்கத்தின் ஒளிப்படம் வாட்ஸ்அப்பில் வந்தால், எழுத்தின் முடிந்த வடிவத்தை மட்டும் ஆசிரியர் காண்கிறார். எங்குத் தொடங்கி எத்திசையில் வளைத்தது என்பது தெரிவதில்லை. 'ஐ', 'ஞ', 'ணை' போன்ற வடிவங்களில் கையோட்டம் முறையாக அமையாவிடில் எழுதும் விரைவு பின்னாளில் தடைப்படும். எழுதும் கையை அரை நிமிடக் காணொலியாகப் பெறுவது இதற்கு எளிய தீர்வு. அத்தகைய சிறு உத்திகளே பயிற்சியாக வேண்டியவை.

மூன்றாவது செய்யுள். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஓதுவது தமிழ்க் கல்வியின் நெடுமரபு. தயங்கும் குழந்தை மற்றவர் குரலின் துணையால் சீரையும் தளையையும் செவியில் பதித்துக்கொள்கிறது. இணைய வகுப்பில் ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு கணத்தில் வந்துசேர்வதால் கூட்டாக ஓதுதல் இயலாததாயிற்று. யாப்புணர்ச்சி செவிவழி வளர்வது என்பதை அறிந்த தமிழறிஞர்கள், இவ்விழப்பைச் சிறிதென்று கருத மாட்டார்கள்.

நான்காவது தட்டச்சு. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது; தமிழ்99 விசைப்பலகை அதற்கும் முந்தையது. ஆயினும் பல பள்ளிகளில் வினாத்தாள்களும் பயிற்சித்தாள்களும் பழைய எழுத்துருக்களிலேயே சேமிக்கப்பட்டிருந்தன. அக்கோப்புகளைத் திறன்பேசியில் திறந்தபோது தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறியீடுகளே தோன்றின. ஆகவே ஆசிரியர்கள் தாளை ஒளிப்படமெடுத்து அனுப்பினர். அது பெரிதாக்கினால் மங்கியது, தேடினால் கிடைக்காதது, திருத்தவும் முடியாதது. ஒருங்குறித் தட்டச்சைக் கற்பிக்கும் இரண்டு நாள் பயிற்சி பெருந்தொற்றுக்கு முன்பே முழுமையாக நடைபெற்றிருக்குமாயின், ஆசிரியரின் பல ஆண்டு உழைப்பு வீணாகியிராது.

விளைவுகள் பின்னர் வந்த அளவீடுகளில் வெளிப்பட்டன. ஏசர் 2022 அறிக்கையின்படி, ஊரகத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றவர் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8 விழுக்காடு. இந்திய அளவில் இது 27.3இலிருந்து 20.5 விழுக்காடாகக் குறைந்தது. பெருந்தொற்று எங்கும் இழப்பை விளைத்தது உண்மை. ஆனால் தமிழில் வாசிப்பு பெருந்தொற்றுக்கு முன்பே நலிந்திருந்தது என்பதையும் இவ்வெண்கள் உரைக்கின்றன. நலிந்திருந்த இடத்தில்தான் கேட்பவரை அறியாத கற்பித்தல் மிகுந்த தீங்கு செய்தது.

எல்லையோர ஊர்களும் மாறும் பாடத்திட்டமும்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கல்வி நிலை தனித்தன்மை உடையது. பெருந்தொற்றுக்காலத்தில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றின. ஆகவே கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம் கொம்யூன்களின் குழந்தைகளுக்கும் பொருந்துவனவாக இருந்தன. ஆனால் மனிதரைக் கொண்டு இயங்கிய திட்டங்கள் நிருவாக எல்லையைக் கடக்கவில்லை. கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தின் முதலியார்குப்பத்தில் தொடக்கம் பெற்றது. புதுச்சேரி ஊர்களும் விழுப்புரம் மாவட்ட ஊர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலப்பகுதி இது. சாலையின் ஒருபுறத்துக் குழந்தைக்கு மாலைநேரத் தன்னார்வலர் கிடைக்க, மறுபுறத்துக் குழந்தை அத்திட்டத்துக்கு வெளியே நின்றது.

பின்னர் பாடத்திட்டமே மாறியது. 2023–24 கல்வியாண்டு முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. 2020இல் பகிரப்பட்ட காணொலிகளும் பயிற்சித்தாள்களும் அவ்வளவில் பெரிதும் பயனிழந்தன. பாடப்பொருள் பாடத்திட்டத்தோடு மாறும். குழந்தை வாசிப்பதைக் கேட்டு அதன் இடறலைக் கண்டறியும் திறன் எந்தப் பாடத்திட்டத்திலும் பயன்படும். பொதுநிதியைப் பாடப்பொருளில் முதலீடு செய்வதா, ஆசிரியர் திறனில் முதலீடு செய்வதா என்னும் வினாவுக்குப் புதுச்சேரியின் பட்டறிவு தெளிவான விடையளிக்கிறது.

கேரளத்தின் சான்றும் இதனை உறுதிப்படுத்துகிறது. அங்கு 2020 ஜூன் முதல் நாளில் பாடங்கள் தொடங்க முடிந்ததற்குத் தொலைக்காட்சி அலைவரிசை மட்டும் காரணமன்று. 2001ஆம் ஆண்டளவில் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின்வழி, இரு பத்தாண்டுகளாக ஆசிரியர்கள் கட்டற்ற மென்பொருளில் பயிற்சி பெற்றுத் தாமே பாடப்பொருளை உருவாக்கிப் பழகியிருந்தனர். நெருக்கடிக்காலத்தில் கைகொடுத்தது நெருக்கடிக்கு முந்தைய பயிற்சி.

நேரம் என்னும் கொடை

ஆசிரியரின் நேரம் பற்றிய வினாவுக்குத் திரும்பலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, ஆசிரியரைக் கல்விசாராப் பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்களிக்கிறது. பெருந்தொற்று ஒரு பேரிடர். ஆகவே ஆசிரியர் எந்நேரத்தில் மாணவருக்கு மிகுதியாகத் தேவைப்பட்டாரோ, அந்நேரத்திலேயே அவரை வகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளித்தது. நாட்டின் பல பகுதிகளில் ஆசிரியர்கள் வீடுவீடாகக் கணக்கெடுத்தனர். நிவாரணப் பொருள் வழங்கினர். கட்டுப்பாட்டு அறைகளிலும் சோதனைச் சாவடிகளிலும் பணியாற்றினர். அப்பணிகள் உயிர்காத்தவை, அவற்றை இகழ்வதற்கில்லை. அவற்றை ஆற்றியவரிடமே இணைய வகுப்பையும் 18 அலகுப் பயிற்சியையும் ஒருசேர எதிர்பார்த்ததுதான் முரண்.

திருபுவனைக் கல்வெட்டின் விலக்கும் 27ஆம் பிரிவும் அருகருகே வைத்துப் படிக்கத்தக்கவை. முன்னது கற்பிப்பவரை ஊர்ப்பணியிலிருந்து விலக்கியது. பின்னது அவ்வாறே விலக்கிவிட்டு, விதிவிலக்குகளின்வழி மீண்டும் அழைத்துக்கொள்கிறது. பேரிடர்க்காலத்தில் ஆசிரியர் ஆற்றக்கூடிய தலையாய நிவாரணப்பணி, குழந்தைகளோடு தொடர்பைக் காப்பதே என்று சட்டமும் நிருவாகமும் ஏற்குமாயின் இம்முரண் தீரும்.

எதிர்வாதங்கள்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழலாம். எதிர்பாராத நெருக்கடியில் அனைவருக்கும் விரைந்து சேர்வதே முதன்மை. நுணுக்கமான பயிற்சிக்கு அப்போது பொழுதில்லை என்பது ஒன்று. இது 2020ஆம் ஆண்டின் முதல் மாதங்களுக்குப் பொருந்தும். ஆனால் பள்ளிகள் மீண்டும் முழுமையாக இயங்கப் பல வகுப்புகளுக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலாயிற்று. அவ்வளவு காலமும் அவசரக்காலமாகவே கருதப்பட்டதை ஏற்க இயலாது.

தொழில்நுட்பமே ஆசிரியர்–மாணவர் தொடர்பைக் காத்தது என்பது மற்றொன்று. இது உண்மை. நள்ளிரவிலும் வந்த குரல்பதிவுகளைக் கேட்டுத் திருத்திய ஆசிரியர்களும், திறன்பேசி இல்லாத வீட்டுக்குச் சாதாரண அலைபேசியில் அழைத்துப் பாடம் கேட்ட ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் தொழில்நுட்பத்தைக் கேட்பதற்குப் பயன்படுத்தினர். திட்டங்களோ அதனைச் சொல்வதற்கே பயன்படுத்தின. அவ்வாசிரியர்கள் தாமே கண்டுபிடித்த வழிமுறைகள் பயிற்சி அலகுகளாகத் தொகுக்கப்படாமல் அவரவர் அலைபேசியோடு அழிந்துகொண்டிருப்பது பேரிழப்பு. கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி அமைய வேண்டும் என்னும் வினாவையே யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தலைப்பாகக் கொண்டது. கற்பவரின் தேவையை நேரில் அறிந்த ஆசிரியரின் நிபந்தனைகளின்படி என்பதே தக்க விடையாகும்.

தமிழ்த்துறைகளின் பொறுப்பு

ஆசிரியர் பயிற்சி கல்வியியல் துறைக்கு உரியது, தொழில்நுட்பம் கணினித்துறைக்கு உரியது என்னும் எண்ணத்தால் தமிழ்த்துறைகள் இக்களத்திலிருந்து விலகி நின்றன. பெருந்தொற்றுக்காலத்தில் அவை நடத்திய இணையவழிக் கருத்தரங்குகள் மிகப் பல. அவற்றின் பொருள் பெரும்பாலும் சங்க இலக்கியம், காப்பியம், இக்கால இலக்கியம் என அமைந்தது. அடுத்த தெருவின் தொடக்கப்பள்ளியில் தமிழெழுத்தைக் கற்க இயலாமல் நின்ற குழந்தை அக்கருத்தரங்குகளின் பொருளாகவில்லை. அக்குழந்தை வாசிப்பாளராக வளராவிடில், இன்று ஆராயப்படும் இலக்கியங்களுக்கு நாளை வாசகர் எங்கிருந்து வருவர்?

தமிழ்த்துறைகளால் மட்டுமே செய்யத்தக்க பணிகள் உள்ளன. வட்டாரப் பேச்சுவழக்கின் அடிப்படையில் தொடக்கநிலைக் குழந்தைகள் வாசிப்பிலும் எழுத்திலும் இடறும் இடங்களைத் தொகுத்து வகைப்படுத்துதல் முதற்பணி. மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களின் பள்ளிகளை ஆய்வுக்களமாகக் கொண்டு முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இரண்டாண்டுகளில் இதனைச் செய்ய இயலும். எழுத்துகளின் அருமை எளிமை நோக்கிப் படிநிலைப்படுத்திய சிறுவாசிப்பு உரைகளை ஒருங்குறியில் உருவாக்கிப் பொதுவில் வைத்தல் இரண்டாம் பணி. குழந்தையின் ஒரு நிமிட வாசிப்பைக் குரல்பதிவாகப் பெற்று அதில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியருக்குக் கற்பித்தல் மூன்றாம் பணி. பெருந்தொற்றுக்காலத்தில் ஆசிரியர்கள் தாமே கண்ட உத்திகளை வாய்மொழி வரலாறாகப் பதிவுசெய்தல் நான்காம் பணி. காலம் கடந்தால் இது இயலாது.

பயிற்சியின் வடிவமும் நன்னூல் கணக்கின்படி அமையலாம். 50 மணி நேரத்தில் கால்பங்கு மட்டும் கேட்டலுக்கு ஒதுக்கப்படட்டும். மற்றொரு கால்பங்கில் அண்மைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடித் தம் மாணவரின் வாசிப்புப் பதிவுகளை ஒப்பிட்டு உரையாடட்டும். எஞ்சிய அரைப்பங்கு, வகுப்பில் செய்துபார்த்து அதனை மற்றவருக்கு எடுத்துரைப்பதற்கு உரியதாகட்டும். அம்மணிகள் பள்ளி நேரத்துக்குள்ளேயே அமைய வேண்டும். இரவிலும் விடுமுறையிலும் ஆசிரியர் தம் சொந்த இணையச் செலவில் நிறைவுசெய்ய வேண்டிய கடனாக ஆகக் கூடாது.

முடிவுரை

பெருந்தொற்று ஆசிரியர் பயிற்சியில் புதிய குறையை உண்டாக்கியதைவிட, பழைய குறையை அனைவரும் காணுமாறு செய்தது. கற்பித்தல் என்பது பாடப்பொருளைக் கொண்டுசேர்ப்பது என்னும் கருத்து இருக்கும்வரை, கருவிகள் எவ்வளவு மேம்பட்டாலும் கிடைப்பது கால்பங்குக் கல்வியே. இன்று திறன்பலகைகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் பள்ளிகளுக்குள் வருகின்றன. அவற்றுக்கான பயிற்சியும் பொத்தான்களைக் கற்பிப்பதோடு நின்றால் 2020இன் பிழையே மீண்டும் நிகழும்.

திருபுவனையில் கல்லெழுத்து வெட்டியவர்கள் மாணாக்கரை எண்ணினர், ஆசிரியரை எண்ணினர், நெல்லை அளந்தனர், அதன்பின் கற்பிப்பவரின் நேரத்துக்கும் காவலிட்டனர். அக்கல்லூரியின் வாயில் சிலருக்கே திறந்திருந்தது. அதே நெடுஞ்சாலையோரத்தில் அனைவருக்கும் திறந்திருக்கும் திருவாண்டார்கோயில் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அந்தக் காவல் மறுக்கப்படுவது நியாயமன்று.